ஜோடிப் பயணம்: 1,100 மணல்மேடுகள்... ஒரே ஒரு வண்டி... பிள்ளைகளோடு பாலைவனம் தாண்டிய ஸ்பிரிக் தம்பதி!

1962-ம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பகுதி. ஒரு நிஸான் பேட்ரோல் வண்டி. உள்ளே அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண், ஒரு பையன். வண்டிக்கு எதிரே சிம்ப்சன் பாலைவனம்.

ரோடு கிடையாது. தடம்கூட கிடையாது. அதுவரை எந்த மோட்டார் வாகனமும் அந்தப் பாலைவனத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்ததில்லை. ஒட்டகத்தில் போனவர்கள் உண்டு. காலால் நடந்தவர்களும் உண்டு. டயர் மட்டும் போனதில்லை. அந்த முதல் டயர் தடத்தைப் பதித்தது ராணுவமோ, அரசாங்கக் குழுவோ அல்ல. ரெக் ஸ்பிரிக், அவர் மனைவி கிரிசெல்டா, மகள் மார்கரெட், மகன் டக்ளஸ் என்ற ஒரு குடும்பம்.

இன்றைக்கு யாராவது இப்படிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் சோஷியல் மீடியாவில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். 'உங்களுக்கு ஆசை இருந்தா நீங்க போங்க, குழந்தைங்க என்ன பாவம் பண்ணுச்சு?' என்று கேட்டிருப்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, அந்தப் பாலைவனம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டைவிடப் பெரிய மணல்காடு

சிம்ப்சன் பாலைவனத்தின் பரப்பு சுமார் 1,76,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். வடக்குப் பிரதேசம், தெற்கு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து என மூன்று நிர்வாகப் பகுதிகளில் பரவிக் கிடக்கிறது.

திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குச் சிவப்பு மணல் புதிதாக இருக்காது. ஆனால், இங்கே மணல் குவிந்திருக்கும் விதம் வேறு. வயலில் வரப்பு போட்டதுபோல, 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சில மேடுகள் 200 கி.மீ நீளம் வரை போகும். உலகிலேயே மிக நீளமான இணை மணல்மேடுகள் இவைதான். எல்லாமே ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுவதால், மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர் ஒவ்வொரு மேட்டையும் ஏறி இறங்கியே ஆகவேண்டும். சுற்றிக்கொண்டு போகிற பேச்சே இல்லை.

ஒரு மேட்டில் ஏறினால், எதிரே அடுத்த மேடு. அதைத் தாண்டினால் இன்னொன்று. நடுவில் கொஞ்சம் சமதளம் வந்தால் சந்தோஷப்படவும் முடியாது. அது உப்பு ஏரியாக இருக்கலாம். மேலே வெள்ளையாகக் காய்ந்த ஓடு, உள்ளே பிசுபிசுவென்று சேறு. வண்டி இறங்கினால் போச்சு!

இந்த மேடுகளின் மேற்குப் பக்கச் சரிவு சாய்வாக இருக்கும். கிழக்குப் பக்கம் செங்குத்து. அதனால் மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஏறுவது கொஞ்சம் சுலபம். கிழக்கிலிருந்து வந்தால் இன்ஜின் முக்கி முனகும். ஸ்பிரிக் குடும்பம் மேற்கே ஆண்டாடோ என்ற கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து கிளம்பி, கிழக்கே பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் போய் முடித்தது. பேர்ட்ஸ்வில்லுக்கு 35 கி.மீ முன்னால் கடைசிப் பெரிய மேடு ஒன்று காத்திருக்கிறது. 'பிக் ரெட்' என்பார்கள். சுமார் 40 மீட்டர் உயரம். பன்னிரண்டு, பதின்மூன்று மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் வந்த களைப்பில், கடைசியில் இது!

கல்லைப் படித்த மனிதர்

ரெக் ஸ்பிரிக் சாகசத்துக்காக மட்டும் வண்டி எடுத்தவர் இல்லை. அவர் புவியியலாளர். அண்டார்டிகா ஆய்வில் பெயர்பெற்ற டக்ளஸ் மாசனிடம் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசாங்கத்துக்காக யுரேனியம் தேடினார்.

1946-ல் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரை ஒட்டிய எடியாகாரா குன்றுகளில், ஒரு பழைய சுரங்கப் பகுதியைப் பார்க்கப் போன இடத்தில் பாறைகளில் விசித்திரமான பதிவுகளைக் கண்டார். ஜெல்லி மீன்போல மெத்தென்ற உடல்கொண்ட உயிரினங்களின் அச்சு. சுமார் 55 கோடி ஆண்டுகள் பழமையானவை. எலும்பும் ஓடும் உள்ள உயிரினங்கள் பெருகுவதற்கு முந்தைய காலம் அது. அவர் சொன்னபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த இடத்தின் பெயரால் பூமியின் வரலாற்றில் ஒரு காலகட்டத்துக்கே 'எடியாகாரன்' என்று 2004-ல் பெயர் வைத்தார்கள். அந்தக் கால உயிரினம் ஒன்றுக்கு 'ஸ்பிரிகினா' என்று அவர் பெயரே இருக்கிறது. பெயர் வைத்ததைப் பார்க்க அவர் இல்லை. ஸ்பிரிகினாவைப் பார்த்தார், எடியாகாரனைப் பார்க்கவில்லை.

கிரிசெல்டா ஸ்காட்லாந்துக்காரர். மழையும் பச்சையுமான ஊரிலிருந்து 1951-ல் ரெக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, உலகின் மிக வறண்ட கண்டங்களில் ஒன்றுக்குக் குடித்தனம் வந்தவர். கணவருக்கு வேலை காட்டிலும் மேட்டிலும். 1954-ல் சொந்தமாக ஆய்வு நிறுவனம் தொடங்கிய ரெக், பெட்ரோலியமும் எரிவாயுவும் தேடி உள்நாட்டுப் பாலைவனங்களில் அலைந்தார். 'அவர் போகட்டும், நாம் வீட்டில் இருப்போம்' என்று கிரிசெல்டா ஒதுங்கவில்லை. பிள்ளைகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு கூடவே போனார். அந்த வாழ்க்கையின் உச்சம்தான் சிம்ப்சன் பயணம்.

வண்டிக்கு வந்த சோதனை

மணலில் வண்டி ஓட்டுவது நம்மூர் ரோட்டில் ஓட்டுவது மாதிரி இல்லை. முதல் பாடமே தலைகீழ். காற்று குறைந்த டயரைப் பார்த்தால் நாம் பதறிப்போய் பங்க்குக்கு ஓடுவோம். பாலைவனத்தில் வேண்டுமென்றே காற்றை இறக்கவேண்டும். சாதாரணமாக 35 பி.எஸ்.ஐ இருக்கிற டயரை, மென்மணலில் 18, 15 என்று இறக்குவார்கள். அப்போது டயர் தட்டையாகி, அகலமாகப் பரவி, மணல்மேல் மிதக்கிறாற்போல நகரும். ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருக்கிறதே, அதே சங்கதிதான். இது தெரியாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி தானே தன் குழியைத் தோண்டிக்கொள்ளும்.

இன்னொரு வில்லன் புல். ஆம், புல்! ஸ்பினிஃபெக்ஸ் என்ற ஊசிப் புல் மேடுகளில் கொத்துக்கொத்தாக வளர்ந்திருக்கும். அதன் விதைகள் ரேடியேட்டரை அடைத்து இன்ஜினைச் சூடாக்கும். காய்ந்த புல் வண்டியின் அடியில், சைலன்ஸர் பக்கம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இப்போதும் அங்கே போகிறவர்கள் ரேடியேட்டர் முன்னால் வலை கட்டுவதும், அவ்வப்போது கீழே படுத்து வண்டியின் வயிற்றைச் சுத்தம் செய்வதும் அதனால்தான்.

1962-ல் ஜி.பி.எஸ் இல்லை. சாட்டிலைட் போன் இல்லை. மேட்டைத் தோண்டி, வண்டியை எடுத்து, மறுபடி ஏறி, மறுபடி புதைந்து... கிரிசெல்டா பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். தலைப்பு, 'டூன் இஸ் எ ஃபோர் லெட்டர் வேர்டு'. ஆங்கிலத்தில் 'நான்கு எழுத்து வார்த்தை' என்றால் கெட்ட வார்த்தை என்று அர்த்தம். மணல்மேட்டைக் குறிக்கும் 'டூன்' என்ற சொல்லிலும் சரியாக நான்கு எழுத்துகள்! அந்த அம்மாள் அந்த மேடுகளை மனதுக்குள் எப்படித் திட்டியிருப்பார் என்பதைத் தலைப்பிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

'முதல்' என்றால் யாருக்கு முதல்?

'முதன்முதலில் கடந்தவர்கள்' என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் தேவை. அந்த மணல்காட்டுக்குள் வாங்கங்குரு என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். மேடுகளுக்கு இடையே கையால் தோண்டிய ஆழமான கிணறுகள் இருந்தன. 'மிகிரி' என்று பெயர். எந்தக் கிணறு எங்கே என்பதை நினைவில் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தார்கள். 1900-ஐ ஒட்டித்தான் அவர்கள் பாலைவனத்தைவிட்டு வெளியேறினார்கள்.

1936-ல் டெட் கால்சன் என்பவர் ஒட்டகங்களோடு கடந்தார். தனியாக அல்ல, பீட்டர் எய்ன்ஸ் என்ற பூர்வகுடித் துணைவரோடு. அந்த ஒட்டகங்களும் ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிராணி கிடையாது. 19-ம் நூற்றாண்டில் பலுசிஸ்தான், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து ஒட்டகக்காரர்களோடு கப்பலில் வந்து இறங்கியவை.

'சிம்ப்சன்' என்ற பெயரும் அங்கே நடந்தவர் யாருடையதும் இல்லை. அடிலெய்டில் வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரித்த குடும்பத்தைச் சேர்ந்த, புவியியல் சங்கத் தலைவராகவும் இருந்த ஒருவரின் பெயர். வாங்கங்குரு மக்கள் சொல்வது 'முங்கா-திரி', பெரிய மணல்மேட்டு நாடு என்று பொருள். 2021-ல் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்தது: முங்கா-திரி - சிம்ப்சன் பாலைவனத் தேசியப் பூங்கா. சுமார் 36 லட்சம் ஹெக்டேர். ஏறக்குறைய கேரளா அளவு. ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான்.

இப்போது போகிற ஜோடிகள்

ஸ்பிரிக் குடும்பம் போய் வந்த சில வருடங்களுக்குள், பெட்ரோலியம் தேடி வந்த பிரெஞ்சு நிறுவனம் மேடுகளின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல ஒரு தடம் வெட்டியது. இன்று அதுதான் 'பிரெஞ்சு லைன்'. எண்ணெய் கிடைக்கவில்லை; டூரிஸ்ட்டுகளுக்கு வழி கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள், புதிதாகக் கல்யாணமான ஜோடிகள், பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் வரிசைகட்டுகின்றன.

தெற்கு ஆஸ்திரேலிய அரசு இதற்கென்றே 'டெசர்ட் பார்க்ஸ் பாஸ்' கொடுக்கிறது. பாஸ் எடுத்தால் விட்ஜிரா, காட்டி தண்டா - லேக் ஏர் போன்ற பாலைவனப் பூங்காக்களுக்குள் போகலாம். விட்ஜிராவில் டல்ஹவுஸி என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. தண்ணீர் எப்போதும் 37 டிகிரியை ஒட்டி, பதமான சூட்டில். மேடு ஏறப்போகிறவர்கள் கடைசியாக ஒரு குளியல் போடுவது இங்கேதான். அதற்குப் பிறகு பேர்ட்ஸ்வில் வரை குளியலும் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை. கடைசி பங்க்கான மவுன்ட் டேரிலிருந்து கணக்குப் பார்த்தால் 500 கி.மீ-க்கு மேல். மணலில் எரிபொருள் தாறுமாறாகக் குடிக்கும் என்பதால், ரோட்டு மைலேஜை வைத்துக் கணக்குப்போட்டவர்கள் நடுவழியில் நிற்கவேண்டியதுதான்.

வண்டியின் முன்னால் உயரமான கம்பத்தில் கொடி கட்டுவது கட்டாயம். அழகுக்கு இல்லை. மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருகிற வண்டிக்கு இந்தப் பக்க வண்டி தெரியாது. இரண்டும் உச்சியில் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். கொடி முதலில் தெரிந்தால் ஒருவர் ஒதுங்கலாம்.

வழியில் பாப்பெல் கார்னர் என்று ஓர் இடம். மூன்று நிர்வாகப் பகுதிகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் மூலை. 1880-ல் அகஸ்டஸ் பாப்பெல் என்ற நில அளவையாளர் சங்கிலி பிடித்து அளந்து, ஒட்டகம் கட்டி இழுத்துவந்த மரக்கட்டையை நட்டார். பிறகுதான் தெரிந்தது, அளந்த சங்கிலியே ஓர் அங்குலம் நீளம் அதிகம்! அந்த ஓர் அங்குலம் சேர்ந்து சேர்ந்து, கட்டையை சுமார் 300 மீட்டர் தள்ளி நடவேண்டியதாயிற்று. நம்மூர் வரப்புத் தகராறெல்லாம் எம்மாத்திரம்?

கோடையில் கதவு மூடும்

டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சிம்ப்சன் பூங்கா மூடப்படும். அங்கே அதுதான் கோடை. வெயில் 50 டிகிரியைத் தொடக்கூடிய காலம். இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், அந்தப் பக்கத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

1963 டிசம்பர். பாலைவனத்தின் கிழக்கு ஓரமாகப் போகிற பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பம் காரில் கிளம்பியது. அப்பா, அம்மா, மூன்று மகன்கள். வழி தவறியது, பெட்ரோல் தீர்ந்தது. காரைவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தார்கள். ஐந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஸ்பிரிக் குடும்பம் நடுப் பாலைவனத்தைக் கடந்த மறு வருடம் இது.

1998 டிசம்பர். ஆஸ்திரியாவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஓர் இளம் ஜோடி, லேக் ஏர் கரையில் ஃபோர் வீல் டிரைவ் கேம்பர் வண்டியில் போய் மணலில் சிக்கிக்கொண்டது. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி இருந்தது. நிழலும் இருந்தது. யாரும் வரவில்லை என்றதும், 60 கி.மீ தள்ளி இருந்த ஊரை நோக்கி நடக்க முடிவெடுத்தார்கள். கொஞ்ச தூரத்தில் அவருக்கு முடியவில்லை, வண்டிக்கே திரும்பிவிட்டார். அந்தப் பெண் தொடர்ந்து நடந்தார். திரும்பியவர் பிழைத்தார். நடந்தவர் வழியிலேயே இறந்து கிடந்தார். தைரியசாலி யார் என்று கேட்டால் நடந்தவர்தான். ஆனால், 45 டிகிரி வெயில் தைரியத்தைப் பார்ப்பதில்லை. உடம்பில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்றுதான் பார்க்கும்.

அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்று. என்ன நடந்தாலும் வண்டியை விட்டுப் போகாதே! மேலேயிருந்து தேடுகிற விமானத்துக்கு வண்டி தெரியும். தனி மனிதர் தெரியமாட்டார்.

பிள்ளைகளைக் கூட்டிப்போனது சரியா என்ற கேள்விக்கு வருவோம். ரெக்குக்கு அந்த நிலம் அத்துப்படி. பல வருடங்களாக அந்த வறண்ட பூமியில் வேலை பார்த்தவர். கிரிசெல்டாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது முதல் கேம்ப் இல்லை. மேலே சொன்ன இரண்டு சம்பவங்களிலும் சிக்கியவர்கள் கோடையில், வழிப்போக்கர்களாகப் போனவர்கள். இந்த வித்தியாசம் முக்கியம். இருந்தாலும், நான்கு உயிரும் ஒரே இன்ஜினை நம்பிப் போனது என்பதை எந்த அனுபவமும் மறைத்துவிடாது. படிக்கிற அம்மாக்களுக்கு வயிற்றில் புளி கரைத்தால் அதில் தப்பே இல்லை.

தேடியவரே காத்த மலை

ரெக் வாழ்நாள் முழுக்க மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டி எடுக்கச் சொல்லிக் கொடுத்தவர். ஆனால், வட ஃப்ளிண்டர்ஸ் மலையில் ஆர்கரூலா என்ற ஓர் இடத்தை மட்டும் அவரால் அப்படிப் பார்க்க முடியவில்லை. இளம் வயதில் யுரேனியம் தேடிப் போன அதே மலைதான். செவ்வரிப் பாறைகள், மஞ்சள் கால் பாறை வாலபிகள், கதிரியக்கம் உள்ள பரலானா வெந்நீர் ஊற்று என்று அவ்வளவும் அங்கே. அதைப் பாதுகாக்கச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1968-ல் ரெக்கும் கிரிசெல்டாவும் அந்த 610 சதுர கி.மீ மேய்ச்சல் குத்தகை நிலத்தைத் தாங்களே வாங்கிவிட்டார்கள். நிலத்தைப் பாழாக்கிய காட்டு ஆடுகளையும் கழுதைகளையும் வெளியேற்றி, வனவிலங்குச் சரணாலயமாக மாற்றினார்கள்.

ரெக் 1994-ல் இறந்தார். விடுமுறைக்குப் போயிருந்த இடத்தில், கிளாஸ்கோவில். பாலைவனமெல்லாம் சுற்றிய மனிதரின் பயணம் மனைவி பிறந்த நாட்டில் முடிந்தது. கிரிசெல்டாவின் புத்தகம் 2001-ல் வந்தது. இரண்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

பேட்ரோல் வண்டியில் மேடு ஏறிய மார்கரெட்டும் டக்ளஸும் ஆர்கரூலாவைக் கவனித்துக்கொண்டார்கள். அங்கே மறுபடி யுரேனியம் தேட ஒரு சுரங்க நிறுவனம் வந்தபோது, எதிர்த்து நின்றார்கள். யுரேனியம் தேடிய அப்பாவின் பிள்ளைகள், யுரேனியம் தோண்டக் கூடாது என்று போராடினார்கள். 2011-ல் ஆர்கரூலாவில் சுரங்கத்துக்குத் தடை என்று அரசு அறிவித்தது. மறு வருடம் அதற்குத் தனிச் சட்டமே வந்தது.

ஆர்கரூலாவில் 'ரிட்ஜ்டாப் டூர்' என்று ஒரு மலையுச்சிச் சவாரி உண்டு. திறந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஏற்றி, செங்குத்துச் சரிவுகளில் ஆட்டி அசைத்துக் கூட்டிப்போவார்கள். வண்டி போகிற அந்தத் தடம், ஒரு காலத்தில் கனிமம் தேட வெட்டியது. இப்போது அதில் போகிறவர்கள் உச்சியில் இறங்கி, டீயும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு, கிழக்கே தெரிகிற உப்பு ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

(பயணம் தொடரும்)